புதிய பெட்டியும் பழைய வேகமும்

இலங்கையில் இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் இடியும் மின்னலும் மிகுதி. சித்திரையில் ஒரு முறையும், ஐப்பசி கார்த்திகையில் மறுமுறையும் வானம் முழங்குகிறது. அந்த மாலைகளில் மின்கம்பி வழியாகவும் தொலைபேசிச் செப்புக் கம்பி வழியாகவும் வீட்டினுள் பாய்கின்ற மிகை மின்னழுத்தம், மூலையில் சிறு விளக்குகள் மினுங்க இருக்கும் ரவுட்டர் பெட்டியைப் பலமுறை முதற்பலியாகக் கொள்கிறது. பெட்டி ஒரே வேளையில் இரு கம்பிகளோடும் பிணைக்கப்பட்டிருப்பதே அதற்குக் காரணம். எரிந்த பெட்டிக்குப் பதிலாகப் புதியதொன்று வாங்கப்படுகிறது. அம்பாறை மாவட்டத்தின் அறுகம்பேயில் இந்த மாற்றம் பெரும்பாலும் நிகழும் காலமோ அலைச்சறுக்கு விளையாட்டுக்கு வெளிநாட்டார் வரத் தொடங்கும் காலம். ஆண்டு முழுவதற்குமான வருமானத்தை வைகாசிக்கும் ஐப்பசிக்கும் இடையிலே தேடிக்கொள்ள வேண்டிய ஊர் அது.

பொத்துவிலிலிருந்து பாணமைக்குச் செல்லும் வீதியை ஒட்டி, உல்லையில், ஐந்து அறைகள் கொண்ட ஒரு விருந்தினர் விடுதி இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரரின் மூத்த மகன் தோஹாவில் வேலை செய்கிறான். இளைய மகள் உயர்தர வகுப்பு மாணவி. மாலையில் கொழும்பு ஆசிரியர் ஒருவரின் பாடத்தை இணையத்தின் வழியே கேட்கிறாள். தங்கியிருக்கும் விருந்தினர் இருவர் காலையில் அலையிலும் பகலில் மடிக்கணினியிலும் இருப்பவர்கள். கல்முனைக் கடையொன்றில் புதிய பெட்டி வாங்கிப் பொருத்தியாயிற்று. விளக்குகள் எல்லாம் பச்சை. ஆயினும் மகனின் முகம் திரையில் உறைந்து நிற்கிறது, “உம்மா, கேக்குதா, உம்மா?” என்ற குரல் மட்டும் விட்டுவிட்டு வருகிறது. மாணவியின் பாடம் சுழன்றுகொண்டே நிற்கிறது. விருந்தினர் வேறு விடுதியை விசாரிக்கின்றனர். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்கிறார் வாப்பா. நிறுவனத்தின் கம்பியில் குற்றம் என்கிறார் கடைக்காரர். பெட்டியை அணைத்து மீண்டும் போடுங்கள் என்கிறது நிறுவனத்தின் தொலைபேசிக் குரல். மூவரில் எவரும் பொய் சொல்லவில்லை. அளந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை என்பதே குறை.

இத்தகைய வீடுகளில் அடுத்து நிகழ்வது இன்னும் விலை உயர்ந்த இரண்டாவது பெட்டியை வாங்குவதாகும். அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அது செலவில்லாதது.

அம்பாறைக் கரையோரத்து வயற்காரருக்கு இதனை எளிதாக விளக்கலாம். கல்லோயாத் திட்டத்து நீர் பெருவாய்க்காலில் வந்து, கிளை வாய்க்காலிற் பிரிந்து, கடைசியில் ஒருவருடைய வயலின் வாய்மடைக்கு வந்து சேர்கிறது. வயல் காய்ந்தால் வட்டவிதானை முதலிற் பார்ப்பது வயலை அன்று. கிளை வாய்க்காலில் நீர் ஓடுகிறதா என்பதையே பார்ப்பார். அங்கே நீர் நிறைந்து ஓடினால் அடைப்பு வயலுக்கு அருகில் இருக்கிறது. அங்கேயே நீர் இல்லையென்றால் வயலின் வரப்பை வெட்டிப் பயனில்லை. வீட்டு இணையத்திலும் அவ்வாறே இரு பாதிகள் உண்டு. வெளியிலிருந்து பெட்டி வரையில் ஒரு பாதி. பெட்டியிலிருந்து கையிலுள்ள தொலைபேசி வரையில், காற்றின் வழியே, மற்றொரு பாதி. பெட்டியை மாற்றியவுடன் இந்த இரண்டு பாதிகளும் ஒருங்கே மாறிவிடுகின்றன. ஆதலால் குற்றம் எப்பாதியில் உள்ளது என்று முதலிலே தெளிந்தாக வேண்டும்.

தெளியும் வழி இதுவே. மடிக்கணினியொன்றைப் புதிய பெட்டியோடு ஒரு கேபிள் கொண்டு நேரே இணைத்து, அதன் வைஃபையை அணைத்துவிட்டு, வேகத்தை அளக்கும் தளமொன்றில் மூன்று முறை அளக்க வேண்டும். வீட்டிலுள்ள ஏனைய தொலைபேசிகளும் தொலைக்காட்சியும் அவ்வேளை இணைப்பிலிருந்து விலகியிருத்தல் அவசியம். பின்னர் கேபிளை நீக்கி, வைஃபை மூலம் பெட்டிக்கு அருகில் ஒருமுறையும், பாடம் படிக்கும் அறையில் ஒருமுறையும் அளக்க வேண்டும். அதிகாலையில் ஒருமுறை, இரவு 8 மணிக்கு ஒருமுறை என்று இவையனைத்தையும் தாளில் குறித்து வைத்தல் நன்று. இவ்விடத்தில் ஓர் அளவுக் குழப்பத்தையும் நீக்கிக்கொள்ள வேண்டும். நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் கூறுகின்றன; கோப்பு இறங்கும்போது கணினி பெரும்பாலும் மெகாபைட்டில் காட்டுகிறது. 8 பிட் கொண்டது ஒரு பைட். 40 மெகாபிட் வேகத்துக்குப் பணம் கட்டியவர் திரையில் 5 என்று கண்டால் அவர் ஏமாற்றப்படவில்லை. மாதத்துக்குரிய தரவளவு தீர்ந்ததும் வேகத்தைக் குறைத்துவிடும் திட்டங்களும் இந்நாட்டில் உண்டு. எல்லாவற்றுக்கும் முன்பாக அதனைப் பார்த்துவிட்டால் பல வீடுகளில் ஆராய்ச்சி அத்துடன் முடிந்துவிடும்.

கேபிளில் முழு வேகமும் கிடைத்து வைஃபையில் மட்டும் குறைந்தால் குற்றம் காற்றில் உள்ளது. வானொலி நேயர்களுக்கு இப்பகுதி புதிதன்று. மத்திய அலையில் இரவு வேளையில் ஒரு நிலையத்தின் மேல் மற்றொரு நிலையம் ஏறிப் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். வைஃபையும் வானொலியே. அது பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்னும் இரு பட்டைகளில் பேசுகிறது. 2.4 பட்டை தொலைவு செல்லும், சுவரை ஓரளவு ஊடுருவும்; ஆனால் அது மிகவும் நெருக்கடியான வீதி. அதில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத அலைவரிசைகள் மூன்றே: 1, 6, 11. உல்லையின் பிரதான வீதியில் விடுதியும் உணவகமும் அலைச்சறுக்குப் பலகை வாடகைக்கு விடும் கடையும் தோளோடு தோள் உரச நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி. புதிய பெட்டி தானாகவே 4 அல்லது 8 ஆம் அலைவரிசையைத் தேர்ந்துகொண்டால், இரு பக்கத்து அயலாரின் பேச்சும் அதற்கு இரைச்சலாகிறது. பெட்டியின் உள்ளமைப்புப் பக்கத்துக்குச் சென்று மூன்றில் ஓய்வாக இருப்பதைத் தெரிந்தெடுத்து, அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸாக வைத்தால் இரைச்சல் தணியும். 40 மெகாஹேர்ட்ஸ் அகலம் கடதாசியில் வேகம். நெருக்கமான வீதியிலோ அது அயலாரின் முற்றத்தையும் சேர்த்து வளைத்துக்கொள்வதாகும். சமையலறையின் நுண்ணலை அடுப்பும் ஏறத்தாழ 2.45 கிகாஹேர்ட்ஸிலேயே இயங்குவதால், அது ஓடும் சில நிமிடங்கள் மட்டும் இணைப்புத் தடுமாறுவது வியப்பன்று.

5 கிகாஹேர்ட்ஸ் பட்டை விரைவானது. ஆனால் சீமெந்துச் சுவர் இரண்டைத் தாண்டுமுன் களைத்துவிடும். பழைய பெட்டி இருந்த மூலையிலேயே புதியதையும் வைத்துவிடுவது மனித இயல்பு. அந்த மூலை தொலைபேசிக் கம்பி வந்த இடமேயன்றி, வீட்டின் நடுவன்று. இரும்பு அலுமாரி, தண்ணீர்த் தாங்கி, கம்பி வலை பதித்த கொங்கிறீட்டுத் தட்டு ஆகியவை இடையே நின்றால் எந்தப் பெட்டியும் தோற்கும். நடுக்கூடத்தில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே பெட்டியை வைப்பதற்காகும் செலவு சில மீற்றர் கேபிள் மட்டுமே.

பெட்டியை மாற்றிய வீடுகளில் மட்டும் காணப்படும் இரு குற்றங்கள் காற்றுப் பாதியில் உள்ளன. வீட்டுச் சாதனங்கள் அனைத்திலும் பெயரையும் கடவுச்சொல்லையும் புதிதாக இடுவது தொல்லை என்று, புதிய பெட்டிக்கும் பழைய பெயரும் பழைய கடவுச்சொல்லும் பழைய பாதுகாப்பு முறையும் சூட்டப்படுகின்றன. பெயராலும் கடவுச்சொல்லாலும் தீங்கில்லை. பாதுகாப்பு முறையிலேதான் தீங்கு. டி.கே.ஐ.பி. என்னும் பழைய மறைக்குறி முறையைத் தெரிந்தெடுத்தால், 2009 ஆம் ஆண்டில் வெளிவந்த வைஃபைத் தரமும் அதற்குப் பின் வந்தவையும் தம் வேகத்தைக் கைவிட்டு, முந்திய தலைமுறையின் உச்சமாகிய 54 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். அந்த 54 இலும் பாதிக்குக் குறைவே உண்மையிற் கையில் சேரும். ஏ.இ.எஸ். என்னும் முறைக்கு மாற்றியவுடன் நோய் நீங்குகிறது. மற்றொரு குற்றம், மாடியறைக்கென்று முன்னர் வாங்கிய சிறு மீளனுப்பி. ஒரே வானொலியால் கேட்டு அதே வானொலியால் திரும்பச் சொல்கின்ற சாதனம் அது. ஆதலின் வேகத்தில் ஏறத்தாழப் பாதியை அது விழுங்குகிறது. புதிய பெட்டியின் சமிக்ஞை மாடிக்கு நேரே எட்டினாலும், தொலைபேசி பழக்கத்தால் அந்த மீளனுப்பியையே பற்றிக்கொண்டிருக்கும். அதனை ஒரு நாள் அணைத்து வைத்துப் பார்ப்பதே சோதனை.

இனி, கேபிளிலேயே வேகம் இல்லாத நிலை. நிறுவனத்தை நோகுமுன் அந்தக் கேபிளையே ஐயுற வேண்டும். அதனுள் 8 கம்பிகள், நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டுள்ளன. விநாடிக்கு 1,000 மெகாபிட் செல்ல நான்கு சோடியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடி போதும். கதவிடுக்கில் நசுங்கியோ எலி கடித்தோ ஒரு கம்பி அறுந்தால், இரு முனையிலும் உள்ள சாதனங்கள் பெரும்பாலும் ஓசையின்றி 100 க்கு இறங்கிவிடுகின்றன. விளக்கு அப்போதும் எரியும். அதிவேக ஒளியிழைத் திட்டத்துக்குப் பணம் கட்டும் வீட்டில் அளவு ஒவ்வொரு முறையும் 94, 95 என்று ஒரே இடத்தில் நின்றால், அது இந்நோயின் கையெழுத்து. மலிவான பெட்டிகள் சிலவற்றின் துறைகளே 100 மெகாபிட்டுக்கு மேற்பட்டவை அல்ல; அது பெட்டியின் உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். கடையில் அதனைப் படிப்பவர் குறைவு.

செப்புக் கம்பி இணைப்பாயின் வேறு கதை. ஏ.டி.எஸ்.எல். முறையின் பிந்திய வடிவம் விநாடிக்கு 24 மெகாபிட் வரை தரக்கூடியது. ஆயினும் அந்த அளவு தொலைபேசி நிலையத்துக்கு மிக அருகிலுள்ளோர்க்கே உரியது. சில கிலோமீற்றர் தள்ளிப்போனால் வேகம் தேய்ந்துவிடும். கடற்காற்றின் உப்பு கம்பி மூட்டுகளைப் பச்சை பூக்கச் செய்கிறது. தொலைபேசியை எடுத்தவுடன் கரகரப்பு ஒலித்தால் இணையமும் அதே கரகரப்பின் ஊடேதான் வருகிறது என்று கொள்ளலாம். பெட்டியை மாற்றும்போது தொலைபேசிக்கும் பெட்டிக்கும் இடையிலிருந்த சிறு வடிகட்டியை எறிந்துவிட்டு, இரண்டையும் ஒரே துளையில் பிணைத்த வீடுகளும் உண்டு. மின்னல் பெட்டியைச் சுட்டபோது வடிகட்டியையும் சுட்டிருக்கலாம். புதிய பெட்டியின் உட்பக்கத்தில் கம்பியின் தேய்வும் இரைச்சல் இடைவெளியும் எண்களாகக் காட்டப்படும். இடைவெளி 6 டெசிபெலுக்குக் கீழ் வீழ்ந்திருந்தால் கம்பி நலமாக இல்லை. செப்புக்குப் பதிலாக ஒளியிழை பரவிவருவதால் இத்தொல்லை குறைந்து வருகிறது. ஒளியிழை மின்னலைக் கடத்தாது. ஆனால் அந்த மெல்லிய மஞ்சள் இழையை விரலைச் சுற்றி மடித்துக் கட்டினால் ஒளி மடிப்பில் கசிந்துவிடும்.

சிம் அட்டையில் இயங்கும் நான்காம் தலைமுறைப் பெட்டிகள் இக்கரையில் மிகுதி. அவற்றிலும் தரவேறுபாடு உண்டு: நான்காம் வகைப் பெட்டியின் உச்சம் 150 மெகாபிட், ஆறாம் வகைப் பெட்டியின் உச்சம் 300. இரண்டாவது, ஒரே வேளையில் இரு அலைப்பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்க வல்லது. பழையது ஆறாம் வகையும் புதியது நான்காம் வகையுமாயின் மாற்றத்தால் இழப்பு நேர்வது இயல்பே. கோபுரம் நிற்கும் திசையிலுள்ள சன்னலோரத்துக்குப் பெட்டியை நகர்த்திப் பார்த்தல் முதல் மருந்து. அதிகாலையில் முழு வேகமும் இரவு 8 மணிக்கு அதில் சிறு பங்கும் வருமாயின், குற்றம் பெட்டியில் அன்று. பருவ காலத்தில் அதே கோபுரத்தை ஊர் முழுவதும் விருந்தினர் கூட்டமும் பகிர்ந்துகொள்கின்றனர். அதற்காக எத்தனை பெட்டி மாற்றினாலும் பயன் இல்லை.

மேற்கூறியவற்றில் அடங்காத ஒரு விசித்திர நோயும் உண்டு. வேகம் அளந்தால் சரியாக இருக்கிறது; சில தளங்கள் உடனே திறக்கின்றன; வேறு சில பாதியிலே நின்றுவிடுகின்றன. வங்கித் தளம் திறவாது. செய்தித் தளம் திறக்கும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இட்டுத் தொடங்கும் கம்பி இணைப்புகள் பலவும் பி.பி.பி.ஓ.இ. என்னும் முறையில் இயங்குகின்றன. இணையத்தில் செல்லும் பொட்டலம் ஒன்றின் வழக்கமான உச்ச அளவு 1,500 பைட். இந்த முறை ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் 8 பைட் கொண்ட ஓர் உறை போர்த்துகிறது. ஆகவே உள்ளே இடம் 1,492 பைட் மட்டுமே. பழைய பெட்டியில் நிறுவனத்தின் ஊழியர் அந்த எண்ணை இட்டுச் சென்றிருப்பார். கடையில் வாங்கிய புதிய பெட்டி 1,500 என்றே வைத்திருந்தால் பெரிய பொட்டலங்கள் வாசலில் முட்டிக்கொள்கின்றன. அனுப்பியவருக்கு அச்செய்தி திரும்ப எட்டும் வழியை நடுவில் எவரேனும் அடைத்திருந்தால், அவர் அதே பெரிய பொட்டலத்தை மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டே இருப்பார். உள்ளமைப்பில் எம்.டி.யூ. என்றுள்ள கட்டத்தில் 1492 என எழுதுவது அரை நிமிட வேலை.

கடைசியாக, வரிசை நோய். வேகம் மிகுதியாக இருந்தும் பேச்சு மட்டும் தடுமாறும் வீடுகளில் பெரும்பாலும் இதுவே காரணம். தோஹாவிலுள்ள மகனின் குரல் அறுந்தது இதனால் இருக்கலாம். இந்நோயின் வரலாறு பழையது. 1986 ஆம் ஆண்டு ஒக்டோபரில் கலிபோர்னியாவில் லோரன்ஸ் பெர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பெர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே, 400 யார் தொலைவில், இணையத்தின் வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு வீழ்ந்தது. கம்பி அறுபடவில்லை, எந்தப் பெட்டியும் எரியவில்லை. ஒவ்வொரு கணினியும் பதில் வராத பொட்டலத்தை மீண்டும் அனுப்ப, அனுப்பியவையே பாதையை அடைத்தன. வான் ஜேக்கப்சன் என்பவர் காரணத்தை ஆராய்ந்து, நெரிசலைக் கண்டவுடன் அனுப்புபவர் தாமே அடக்கிக்கொள்ளும் முறைகளை 1988 இல் வெளியிட்டார். இன்றளவும் இணையம் அந்த அடக்கத்தின் மேல்தான் நிற்கிறது.

பின்னர் நினைவகம் மலிந்தது. பெட்டி செய்வோர் அதனைத் தாராளமாக வைத்தனர். பொட்டலம் எதையும் வீழ்த்தாமல் நீண்ட வரிசையில் நிறுத்தி வைப்பது நல்லதெனத் தோன்றியது. ஆனால் பொட்டலம் வீழ்ந்தால்தான் அனுப்புபவர் நெரிசலை அறிவார். வீழாமல் வரிசை நீண்டால் அவர் அனுப்பிக்கொண்டே இருப்பார். 2010 இல் ஜிம் கெட்டிஸ் என்னும் பொறியியலாளர் தம் வீட்டு இணைப்பு தடுமாறியதை ஆராயப் புகுந்து இந்நோயை உலகறியச் செய்தார். 2012 இல் கத்லீன் நிக்கல்ஸும் அதே ஜேக்கப்சனும், பொட்டலம் எவ்வளவு நேரம் வரிசையில் காத்திருந்தது என்பதைக் கொண்டு வரிசையை ஆளும் முறையைத் தந்தனர்.

உல்லை விடுதியில் நிகழ்வது யாதெனில், விருந்தினர் ஒருவர் அன்றைய அலைச்சறுக்குக் காட்சிகளைத் தம் தொலைபேசியிலிருந்து மேகக் களஞ்சியத்துக்கு ஏற்றுகிறார். வீட்டு இணைப்புகள் பலவற்றில் ஏற்றும் வேகம் இறக்கும் வேகத்தினும் மிகக் குறைவு. அந்தக் குறுகிய வழியில் காட்சிப் பொட்டலங்கள் நிரம்பி நிற்க, உம்மாவின் குரலைச் சுமந்த சிறு பொட்டலம் அவற்றின் பின்னால் வரிசையில் நிற்கிறது. பழைய பெட்டியில் வரிசையைச் சீராக்கும் வசதி இருந்து புதியதில் இல்லாமலோ, இருந்தும் அணைக்கப்பட்டோ இருக்கலாம். சேவைத்தர மேலாண்மை என்றோ, கியூ.ஓ.எஸ். என்றோ, எஸ்.கியூ.எம். என்றோ உள்ளமைப்பில் அது காணப்படும். அதனை இயக்கி, ஏற்றும் வேகத்தின் எல்லையை அளந்த வேகத்தில் பத்தில் ஒன்பது பங்காக இட்டால், வரிசை நிறுவனத்தின் பெரிய வாசலில் அல்லாமல் வீட்டுப் பெட்டியிலேயே உருவாகும். அங்கே அதனை ஆள முடியும். சிறிது வேகத்தை விட்டுக்கொடுத்துப் பேச்சின் ஒழுங்கைப் பெறுவது நல்ல பேரமே. அந்த வசதி இல்லாத பெட்டியாயின், காட்சிகளை நள்ளிரவுக்குப் பின் ஏற்றும்படி விருந்தினரைக் கேட்டுக்கொள்வது ஒன்றே வழி. கேட்டால் மறுப்போர் அரிது.

2020 ஆம் ஆண்டு மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபின் இணைய இணைப்பு வீட்டின் ஆடம்பரப் பொருளாக இருந்த நிலை மாறிவிட்டது. அன்று பாடத்துக்காக உயர்ந்த இடம் தேடி அலைந்த பிள்ளைகளை இந்நாடு கண்டது. ஆகவே, வீட்டில் முடியும் சோதனைகள் முடிந்த பின்னும் கேபிளில் வேகம் இல்லையெனில் நிறுவனத்தை விடாது கேட்பது நியாயம். கேட்கும்போது “சிலோவாக இருக்கிறது” என்று கூறினால், அணைத்துப் போடுங்கள் என்ற பதிலே மீண்டும் வரும். எந்தத் திகதி, எந்த நேரம், கேபிளில் எவ்வளவு, வைஃபையில் எவ்வளவு, கம்பியின் இரைச்சல் இடைவெளி எத்தனை என்று தாளைப் பார்த்து வாசிப்பவருக்குத் தொழில்நுட்பவியலாளர் ஒருவரை அனுப்பாதிருப்பது கடினம். முறைப்பாட்டின் இலக்கத்தை அதே தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். நிறுவனம் பாராமுகமாக இருந்தால், இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முறையிடும் உரிமை பாவனையாளருக்கு உண்டு. அங்கேயும் அந்தத் தாளே துணையாகும். வெளியே இடி முழங்கும்போது மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம்; பெட்டியின் மின் கம்பியை மாத்திரமன்றித் தொலைபேசிக் கம்பியையும், முழக்கம் நெருங்குமுன்னரே, சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும்.